கால்ஹூன் எப்போது மாறினார்? வரலாறு படித்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். அமெரிக்க அரசியல் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்காக எழுதும் கட்டுரையில் தென் கரோலினா அரசியல்வாதி ஜான் கால்ஹூனைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன்.

1816-இல் இறக்குமதி வரியை ஆதரித்துப் பேசியவர் அவர். மறு ஆண்டே, சாலைகளாலும் கால்வாய்களாலும் குடியரசைப் பிணைப்போம் என்று முழங்கினார். அதே மனிதர் 1828-இல், துணை ஜனாதிபதியாக இருந்துகொண்டே, மத்திய அரசின் வரிச் சட்டத்தை ஒரு மாநிலம் செல்லாததாக்கலாம் என்று தென் கரோலினாவுக்காகப் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தார்! வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர் நேர் எதிர்த்திசையில் போனார்: 1816-இல் வரியை எதிர்த்தவர், 1828-இல் ஆதரித்தார். நியூ இங்கிலாந்தின் முதலீடு கப்பலிலிருந்து நெசவாலைக்கு நகர்ந்ததால் அது எளிதில் விளங்குகிறது.

கால்ஹூன் விஷயத்தில்தான் சிக்கல். 1819 பொருளாதார நெருக்கடியில் பருத்தி விலை சரிந்ததைச் சிலர் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கோ அடிமைமுறைக்கு மத்திய அரசால் ஆபத்து வரும் என்ற அச்சமே வேர் என்று தோன்றுகிறது. வரி ஒரு சந்தர்ப்பம்தான், உண்மைக் காரணம் அல்ல என்று 1830 செப்டம்பரில் தன் நண்பர் வர்ஜில் மேக்ஸிக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லிவிட்டார்.

ஆனால் அது பிந்தைய கடிதம். மிசௌரியை அடிமைமுறை உள்ள மாநிலமாகச் சேர்ப்பதா என்ற விவாதம் நடந்த 1820-க்கும் 1828-க்கும் இடையில் அவர் எழுதிய கடிதங்களில் இந்த அச்சம் தெரிகிறதா? படித்தவர்கள் தேதியோடு குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும். என் கருத்துக்கு எதிரான சான்று இருந்தால் அதையும் அவசியம் சொல்லுங்கள்.