பதில்: தோல் எரிச்சலை மின்முறையில் அளத்தல் – கலைச்சொல்

அன்பின் அண்ணா,

தோல் எரிச்சலை மின்னால் அளக்கும் கருவி தரும் எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘எரிச்சல் எண்’ என்று வைத்தால் எல்லோருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். எரிச்சல் என்பது நோயாளி சொல்வது. கொழும்பில் ஒரு தோல் கிளினிக்கில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள்: ஒருவர் ‘எரியுது’ என்பார், பக்கத்தில் இருப்பவர் ‘கடிக்குது’ என்பார். கருவிக்கு இரண்டும் தெரியாது. மிகச் சிறிய ஆடலோட்டத்தை (திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தை) தோலில் விட்டு, தோல் அதை எவ்வளவு மறுக்கிறது என்று மட்டும் அது பார்க்கிறது.

குறைந்த மீடிறனில், அதாவது ஓட்டம் செக்கனுக்குக் குறைந்த தடவை ஊசலாடும்போது, அதை மறிப்பது பெரும்பாலும் தோலின் மேலே இறந்த கலங்களாலான கொம்புப்படைதான். உடலின் பல இடங்களில் அதன் தடிப்பு 10–20 மைக்ரோமீற்றர். மீடிறனைக் கூட்டினால் ஓட்டம் கீழே உள்ள உயிர்க்கலங்கள் வரை போகும். சோடியம் லோரில் சல்பேட் போன்ற சவர்க்காரப் பொருள் பட்டுக் கொம்புப்படை குலைந்தால் மறுப்பு விழுந்துவிடும். ஸ்டொக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வாளர் ஸ்டிக் ஒல்மார் கையாண்ட சுட்டெண்களில் ஒன்று, 20 கிலோஹேர்ட்ஸில் வரும் மறுப்பை 500 கிலோஹேர்ட்ஸில் வருவதால் வகுத்து எடுப்பது. அலகில்லாத வெறும் விகிதம். நாங்கள் பெயர் தேடுவது இதற்குத்தான். ஆகவே ‘தோல் மின்மறுப்புச் சுட்டெண்’ என்பது என் முன்மொழிவு. நீளம்தான், ஆனால் பொய் சொல்லாத பெயர். வியர்வையும் ஈரமும்கூட இந்த எண்ணை மாற்றும். கொழும்பு வெக்கையில் வெளியிலிருந்து வந்தவுடனே அளந்தால் ஒன்றுக்கும் உதவாது. அந்த எண்ணை ‘எரிச்சல்’ என்று எப்படி எழுதுவது?

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணால் சிவப்பைப் பார்த்துப் புள்ளி போடும் பழைய முறை எங்கள் நிறத்துக்குச் சரிவராது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஹோட்டலில் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவுகிறவரின் கை, சலூனில் தலைச்சாயம் பூசுகிற பிள்ளையின் கை, இரண்டையும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று எழுதி அனுப்பிவிடலாம். அவர்கள் பக்கம் பேசக்கூடிய எண் இது. பெயர் தெளிவாக இருந்தால்தான் அவர்களுக்கும் விளக்கிச் சொல்லலாம்.

அப்புறம், தோலைக் குத்தாமல் வெட்டாமல் அளப்பதற்குச் சொல்லும் ‘ஊடுருவா முறை’ என்பதையும் விட்டுவிடுவோம். ஊசி ஊடுருவாது, சரி. மின்னோட்டம் ஊடுருவத்தானே செய்கிறது! ‘ஊறில்லா’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊறு என்றால் தொடுகையும்தான். இங்கே மின்வாய் (ஓட்டத்தை விடும் கருவி முனை) தோலைத் தொட்டே ஆகவேண்டும். ‘துளையா அளவீடு’ எனக்குப் பொருந்துகிறது. ஒத்துவராதவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.