பழைய மழைக் கணக்கைத் தேடிப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

ஈசூனிலிருந்து

2014 பிப்ரவரி நினைவிருக்கிறதா? எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்தரை முழுக்கக் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட்டது. இங்கே சிங்கப்பூரில், விமான நிலையம் இருக்கும் சாங்கியில் அந்த மாதம் முழுவதற்கும் பெய்தது 0.2 மில்லிமீட்டர். 1869க்குப் பிறகு இவ்வளவு வறண்ட மாதமே இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு அந்த வருடம்தான் மனசில் தங்கியது. 1869இல் இங்கே விமான நிலையம் ஏது, வானிலை அலுவலகம் ஏது? மழையை அளந்தது யார்?

தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் இரவு இரவாகத் தேட ஆரம்பித்தேன். வானிலைத் துறை இங்கே வந்ததே 1929இல்தான். அதற்கு முன்னால் அந்த வேலை பெரும்பாலும் மருத்துவத் துறையின் கையில் இருந்திருக்கிறது. ஈரக் காற்றும் கெட்ட ஆவியும்தான் காய்ச்சலைக் கொண்டுவருகின்றன என்று நம்பிய காலம், அதனால் மருத்துவர்களுக்கு மழைக் கணக்கு தேவைப்பட்டது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் எடுத்த அளவுகள் பத்திரிகையில் அட்டவணையாக வந்தன. இப்போது சுருக்கமாகக் கேகே என்கிறோமே, அந்த மருத்துவமனையில்தான் என் இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். அந்தப் பெயரை அட்டவணையின் தலைப்பில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

இன்னும் பின்னால் போனால், 1841 முதல் 1845 வரை மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் எலியட் இங்கே ஒரு காந்தவியல் ஆய்வுக்கூடம் நடத்தினார். அவருக்குக் காந்த ஊசிதான் முக்கியம், ஆனால் வானிலையையும் சேர்த்தே குறித்தார்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்து அட்டவணையை எடுத்து எழுதிக் கூட்டிப் பார்த்தேன். கீழே அச்சிட்ட மொத்தத்துக்கும் என் மொத்தத்துக்கும் சரியாக அரை அங்குலம் வித்தியாசம். மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு வரியில் 0.35 என்று நான் படித்தது 0.85 என்று தெரிந்தது. மை மங்கியதில் 8 பாதி அழிந்து 3 ஆகியிருக்கிறது. அதே வாரத்துச் செய்திப் பக்கத்தைத் திறந்தால், அன்று தெருக்களில் தண்ணீர் நின்றதாக நாலு வரி இருக்கிறது! அன்றிலிருந்து அட்டவணையை மட்டும் தனியாக நம்புவதில்லை, பக்கத்தில் இருக்கும் செய்தியையும் சேர்த்துத்தான் படிக்கிறேன்.

இன்னொன்று. காலையில் பார்த்து எழுதும் அளவு பெரும்பாலும் முந்தின நாள் பெய்த மழை. இது தெரியாமல் எழுதினால் எல்லாத் தேதியும் ஒரு நாள் தள்ளிப் போகும். அதைவிடப் பெரிய சிக்கல் இடம். இந்த ஊரில் ஈசூனில் கொட்டும், தோ பாயோவில் வெயில் அடிக்கும். மருத்துவமனை முற்றத்துக் கணக்கையும் சாங்கிக் கணக்கையும் அப்படியே ஒட்டிவிட்டால் ஊரின் மழை மாறியதா, மழைமானி இடம் மாறியதா என்று பிரிக்கவே முடியாது. இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்த வருடங்கள் கிடைத்தால்தான் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துச் சேர்க்கலாம்.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

பாய லேபார்

அண்ணா, என் அப்பா பாய லேபாரில் இருந்த பழைய விமான நிலையத்தில் மழை அளந்தவர். அளவுக் கண்ணாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, தண்ணீர் வளைந்து நிற்கும் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதில் எனக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறார். மழைமானிக்குப் பக்கத்தில் மரம் வளர்ந்தால் பெரிய சண்டையே போடுவார். மரம் மழையைத் தின்றுவிடும் என்பார்.

1978 டிசம்பர் 2 அன்று அவர் வேலையிலிருந்து வீட்டுக்கு வரவே முடியவில்லை. அன்று ஒரே நாளில் பாய லேபாரில் 512.4 மில்லிமீட்டர். இப்போதைய சராசரிப்படி ஒரு வருடத்துக்கே சுமார் 2113தான், அதில் கால்வாசி ஒரே நாளில். மறுநாள் வந்தவர் சாப்பிடக்கூட உட்காரவில்லை. எழுதியது சரிதானா, எத்தனை முறை பார்த்தோம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிராங்கூன் சாலை

நான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன். அங்கே நுங்கம்பாக்கத்தில் 1792இலேயே வானாய்வுக்கூடம் வந்துவிட்டது, மழைக் கணக்கு 1813இலிருந்து கிடைக்கிறது. இங்கே 1877 கடும் வறட்சி ஆண்டு என்று படித்தபோது சட்டென்று பொறி தட்டியது. நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த நேரம் அது! 1877-78இல் வந்த வலுவான எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி மழையைக் குலைப்பது) இரண்டு கரைகளையும் சேர்த்தே அடித்திருக்கிறது. பாட்டி சொன்ன பஞ்சக் கதையும் இங்கே யாரோ எழுதி வைத்த அங்குலக் கணக்கும் ஒரே வானத்தைப் பற்றியவை.

மண்டாய்

தம்பி, எனக்கு எண்பது ஆகப்போகிறது. என் தாத்தா இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். தோட்டத்தில் மழை முக்கியம். காலையில் மரம் நனைந்துவிட்டால் பால்வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலியும் கிடையாது. அதனால் ஆபீஸ் வாசலில் மழைமானி இருந்தது. அவருடைய நோட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. தேதி, அங்குலம், அதற்குப் பக்கத்தில் தமிழில் ‘வெட்டு இல்லை’, ‘மத்தியானம் விட்டது’ என்று சின்னச் சின்னக் குறிப்புகள். 1942 பிப்ரவரியோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்புறம் வெறும் தாள்தான்.

ஈசூனிலிருந்து

ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்தேன். சிங்கப்பூரின் வெப்பநிலைக் கணக்கும் 1929இல் தொடங்கி, 1942 முதல் 1947 வரை அறுந்து கிடக்கிறது. உங்கள் தாத்தாவின் நோட்டும் அதே வருடத்தில் நிற்கிறது. போர் வருவதற்கு முந்தைய மாதங்களில் வடக்குப் பக்கம் எப்படிப் பெய்தது என்பதற்கு அவர் கையெழுத்து ஒரு சாட்சி. ‘மத்தியானம் விட்டது’ மாதிரியான குறிப்பு எந்த அட்டவணையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தயவுசெய்து கிழிந்த பக்கத்தில் டேப் ஒட்டாதீர்கள். அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றியும் எழுத வேண்டாம், இருப்பதை இருக்கிறபடியே படம் எடுத்துக்கொள்ளலாம். வெறும் தாள்களையும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வரலாமா? கேமராவும் நல்ல விளக்கும் கொண்டுவருகிறேன்.

மண்டாய்

வாங்க தம்பி. நாலு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்கு மேல் இந்தப் பக்கம் மழை பிடித்துக்கொள்கிறது.