பொண்ணும் இயற்கையும்: இந்திய நாவல்ல வர்றது நம்ம தோட்டத்துக்கு ஒத்துவருமா?

மஸ்கெலியா_மழை:
எல்லாருக்கும் வணக்கம், நான் இலங்கை மலையகத் தேயிலத் தோட்டத்துப் பிள்ளை. கேம்பஸ்ல எனக்கு வந்த டாபிக், இந்தியக் கதைகள்ல பெண்ணும் இயற்கையும், ஈகோஃபெமினிசம் பார்வையில, அதாவது பொம்பளைங்கள ஒடுக்குறதையும் இயற்கைய அழிக்கிறதையும் சேர்த்துப் பாக்குற பெண்ணியம். இந்தியச் சூழலியல் எழுத்தாளர் வந்தனா சிவாவோட 1988 புத்தகம் வாசிச்சேன். பொம்பளைங்களுக்கும் காட்டுக்கும் ஆழமான பந்தம் இருக்கு, ரெண்டையும் ஒரே அதிகாரந்தான் நசுக்குதுன்னு போகுது, மரத்தக் கட்டிப்பிடிச்சு வெட்ட விடாமத் தடுத்த சிப்கோ போராட்டத்த பெருசா காட்டுறாங்க. ரெண்டாவது பாதி சரி, முதல் பாதிதான் இடிக்குது. எங்கம்மா கொழுந்து எடுக்குறவங்க, மலையப் பார்த்து ஒரு நாளும் உருகினதில்ல, அட்டைக்கடி, வழுக்கல், கிலோ கொறைஞ்சா அரைப் பேரு (அரை நாள் சம்பளம்), இதுதான் வீட்டுப் பேச்சு. எந்தக் கதைய வச்சா பொய் இல்லாம எழுதலாம்?

லிந்துலை_வாசகன்:
தங்கச்சி, சிப்கோவ அப்படியே இங்க கொண்டு வர ஏலாது, தேயில இடுப்பளவு, எங்க கட்டிப்பிடிக்கிறது 😀 கவ்வாத்து வெட்டாம விட்டா அதுவும் மரமாத்தான் வளரும், யாரு விடுவா. சும்மா சொல்லல, 1974ல ரேணி கிராமத்துல கௌரா தேவியும் மத்தவங்களும் மரத்துக்கு முன்னால நின்னாங்கன்னா அவங்க விறகும் புல்லும் அந்தக் காட்டுல இருந்துதான் வந்துச்சு. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1992 கட்டுரையில இதத்தான் பிடிக்கிறாங்க: பந்தம் பொறப்புல வர்றதில்ல, யாரு என்ன வேல செய்றா, நிலம் யாரு கையில, சாதி வர்க்கம் என்னன்னு பாரு. அதுக்கு கமலா மார்க்கண்டேயாவோட 'நெக்டர் இன் எ சீவ்' (1954) எடு. ருக்மணி குத்தகை நிலத்துல பாடுபடுறா, ஊருக்குள்ள தோல் பதனிடுற ஃபேக்டரி வருது, கடைசியில நிலக்காரன் நிலத்தயே அதுக்கு வித்துட்டு குடும்பத்த வெளியேத்திடுறான். மண்ண நேசிச்சா, மண்ணு அவளுது இல்ல. நம்ம மலையகத்து மீரியபெத்தையில 2014 மண்சரிவுல லயத்தோட (தொழிலாளர் வரிசை வீடுகளோட) புதைஞ்சாங்களே, அவங்களுக்கு எழும்பிப் போக சொந்த நிலம் எங்க இருந்துச்சு?

ஊவா_அக்கா:
தம்பி சொல்றது சரி, ஆனா எல்லாத்தையும் நிலத்துல கொண்டு முடிச்சுடாதீங்க. அனிதா தேசாயோட 'ஃபயர் ஆன் த மவுன்டன்' (1977) வாசிங்க. நந்தா கௌல் வசதியான அம்மா, கசௌலி மலையில தனியா ஒதுங்கி இருக்காங்க. கொழுந்துக்கூட முதுகுல இல்லன்னா மலை எவ்வளவு அமைதின்னு அதுல தெரியும், எனக்கு அந்தம்மா மேல எரிச்சல்தான் வந்துச்சு. ஆனா அங்கயும், சின்னப் பிள்ளையக் கெழவனுக்குக் கட்டிக்குடுக்கிறத எதிர்த்த இலா தாஸ அந்தப் பிள்ளையோட அப்பனே கெடுத்துக் கொல்றான், நந்தாவோட கொள்ளுப்பேத்தி ராக்கா காட்டுக்கே நெருப்பு வைக்கிறா. பெண்ணுன்னா காக்குறவங்கிற கத அங்கயே எரிஞ்சு போச்சு.

கொழுந்து_மடுவம்:
ரெண்டு பேரும் வங்காள எழுத்தாளர் மகாஸ்வேதா தேவிய விட்டுட்டீங்களே!! 'வேட்டை' கதையில பழங்குடிப் பொண்ணு மேரி ஒராவோனோட அப்பன் வெள்ளக்காரத் தோட்டத் துரை மகன், அம்மாவ கர்ப்பமாக்கிட்டு நாட்ட விட்டே போனவன். நம்மூர்ல இந்தக் கதைக்கு விளக்கம் வேணுமா? பொம்பளைங்க வேட்டைக்குப் போற திருவிழா அன்னிக்கு, சால் மரத்த அற்பக் கூலிக்கு வெட்டவச்சு மேரியையும் தொரத்துன கான்ட்ராக்டர அவ வெட்டிப் போடுறா. காட்டுக்கும் அவளுக்கும் எதிரி ஒரே ஆள், ஆனா மேரி காட்டுத் தெய்வம் இல்ல, சந்தையில பேரம் பேசுற கெட்டிக்காரி.

மஸ்கெலியா_மழை:
துரை மகன் விஷயம் கேட்டதும் முடிவு பண்ணிட்டேன் அண்ணே. ருக்மணியும் மேரியும். மேரி கத எங்க கிடைக்கும்?

கொழுந்து_மடுவம்:
ஸ்பிவக் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த 'இமேஜினரி மேப்ஸ்', முதல் கதையே அதுதான். லைப்ரரியில கேட்டுப் பாருங்க. ஸ்பிவக்கோட முன்னுரைய கடைசியா வாசிங்க, முதல்ல வாசிச்சா தல சுத்தும்.