குரல் பரிசோதனை அறிக்கையில் எந்த எண்ணை நம்புவது?

கேள்வி (ஆசிரியை):
மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் எனக்குச் சில மாதங்களாகவே, காலையில் தெளிவாக இருக்கும் குரல் கடைசிப் பாடவேளைக்குள் கரகரத்துக் கம்மிவிடுகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்நோக்கிக் குழாய் வழியாகப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் கட்டி ஏதும் இல்லை என்றார். பின்னர் காலை வேளையில் எடுத்த கணினிப் பரிசோதனையின் அறிக்கையில் ஜிட்டர், ஷிம்மர், ஒலிப்பு நேரம் 9 விநாடி என்றெல்லாம் இருக்கின்றன. இவற்றுள் எதைக் கொண்டு என் குரலின் நிலையை அறிவது?

பதில் 1 (பேச்சுப் பயிற்சி நிபுணர்):
நுரையீரலிலிருந்து வரும் காற்று, ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் இரு குரல் நாண்களைத் தள்ளித் திறக்க, அவை உடனே மீண்டும் மூடிக்கொள்கின்றன. பேசும்போது இது பெண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 200 முறையும், ஆண்களுக்கு 100 முதல் 130 முறை வரையும் நிகழ்கிறது. ஓர் அதிர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே கால அளவு எவ்வளவு மாறுகிறது என்பது ஜிட்டர். ஒலியின் வலிமை எவ்வளவு மாறுகிறது என்பது ஷிம்மர். நல்ல குரலிலும் இவை பூச்சியமாக இருப்பதில்லை. ஆனால் கரகரப்பு மிகும்போது அதிர்வின் ஒழுங்கே குலைந்து, ஓர் அதிர்வு எங்கே முடிகிறது என்பதை மென்பொருளால் பிரித்தறிய முடியாமல் போவதால், நோய் கடுமையாக உள்ள நேரத்தில்தான் இந்த எண்கள் நம்பத்தகாதவையாகின்றன. மைக்கின் தூரம், அறையின் இரைச்சல், நீங்கள் எவ்வளவு உரக்க ஒலித்தீர்கள் என்பன மாறினாலும் இவை மாறும். ஆகவே வெவ்வேறு இடங்களில் எடுத்த அறிக்கைகளை ஒப்பிடாதீர்கள்.

ஒலிப்பு நேரம் என்பது மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று நீட்டக்கூடிய அளவு. பெரியவர்களுக்குப் பொதுவாக 15 விநாடிக்கு மேல் வரும். 9 விநாடி என்பது நாண்கள் முழுமையாக மூடாமல் காற்று கசிவதைக் குறிக்கலாம். உள்ளிழுக்கும் மூச்சு குறைவாக இருப்பதாலும் அப்படி நேரலாம்.

பதில் 2 (காது மூக்கு தொண்டை மருத்துவர்):
சாதாரண விளக்கொளியில் பார்த்தார்களா, ஸ்ட்ரோபோஸ்கோப்பியில், அதாவது விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். பாட்டாசிரியரான மானுவல் கார்சியா 1854-இல் சிறு கண்ணாடி கொண்டு தம் குரல் நாண்களைத் தாமே கண்டார். எனினும் நொடிக்கு 200 முறை அதிர்வதைக் கண்ணால் தொடர இயலாது. அதிர்வின் வேகத்திலிருந்து இம்மியளவு விலகி மின்னும் விளக்கைப் பயன்படுத்தினால் அசைவு மெதுவாக நிகழ்வதுபோலத் தெரியும். நாண்களின் மேற்படலத்தில் ஓடும் அலை ஓரிடத்தில் தடைப்படுவதும், மூடும்போது இடைவெளி விழுவதும் அப்போதுதான் புலப்படும். பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
சாதாரண விளக்கில்தான் பார்த்தார்கள். தேறி வருகிறதா என்று வீட்டிலேயே கவனிக்க வழி உண்டா?

பதில் 3 (பேச்சுப் பயிற்சி நிபுணர்):
ஒரே அறையில், ஒரே தூரத்தில் கைப்பேசியை வைத்து, ஒரே பத்தியை வாரந்தோறும் படித்துப் பதிவு செய்யுங்கள். குரலால் அன்றாட வாழ்வு எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதற்குப் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. 40-க்கு 11-க்கு மேல் வந்தால் பாதிப்பு எனக் கொள்வார்கள். மென்பொருள் சொல்லாததை அது சொல்லிவிடுவதால் நான் அதை மிகவும் மதிக்கிறேன். அடுத்த பரிசோதனையைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. கடைசிப் பாடவேளை முடிந்த கையோடு செல்லுங்கள்.