இறங்குமுகமா, அவிழ்ப்பா? உயர்நிலை 1, 2 கதைக்கூறுச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

கதைக்கூறுகளுக்கான நம் சொற்பட்டியலில் அறிமுகம், சிக்கல், உச்சக்கட்டம், முடிவு ஆகிய நான்கும் மாணவர் வாயில் நிலைத்துவிட்டன. அவற்றில் கைவைக்க வேண்டாம். உச்சத்துக்கும் முடிவுக்கும் நடுவே வரும் பகுதிக்குத்தான் சொல் சரியாக அமையவில்லை. 'இறங்குமுகம்' என்று சிலர் எழுதுகிறோம். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது: தங்கம் விலை இறங்குமுகம், வியாபாரம் இறங்குமுகம். அதைப் படிக்கும் பிள்ளை, கதாநாயகனுக்கு இனிமேல் கேடுகாலம் என்று எடுத்துக்கொள்கிறது. உச்சம் முடிந்த பிறகு புதிதாக ஒரு விபத்தைக் கொண்டுவருகிறது. கதை மறுபடியும் ஏறுகிறது; தாள் தீர்ந்ததும் 'அனைவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்' என்று அறுந்து நிற்கிறது.

இந்தப் பெயர் ஒரு படத்தைப் பார்த்து வந்தது. ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃபிரைடாக் 1863இல் நாடக அமைப்பை, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் கூம்பாக விளக்கினார். அவர் மனத்தில் இருந்தது ஐந்து அங்க நாடகம். அதனால் உச்சம் நடுவில் நிற்கிறது. நம் மாணவர் எழுதும் சிறுகதையில் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகுதான் உச்சம் வரும். அந்தக் கூம்பை அப்படியே வெண்பலகையில் வரைந்தால் பாதிக் கதையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

அரிஸ்டாட்டில் சொன்னது இதைவிட எளிமை: கட்டுவது ஒரு பகுதி, அவிழ்ப்பது மறு பகுதி. முடிச்சு விழுந்தது, முடிச்சு அவிழ்ந்தது என்று நாமும் பேசுகிறோம். ஆகவே 'அவிழ்ப்பு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

*

மறுமொழி

வணக்கம் ஐயா. 'இறங்குமுகம்' போகட்டும், அதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் நம்மிடமே பழைய சொற்கள் இருக்கும்போது ஏன் புதிது? சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகச் சந்தி ஐந்தையும், அதாவது கதை வளரும் ஐந்து கட்டங்களையும், தருகிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். வித்து முளைப்பது, நாற்றாவது, கருவுற்றுப் பொதிவது, கதிர் முற்றுவது, அறுத்துத் தூற்றி உண்பது என்று உழவை வைத்தே விளக்குகிறார். 'விளைவு' எல்லா மாணவருக்கும் தெரிந்த சொல்.

இன்னொரு ஐயம். 'அவிழ்ப்பு' என்றால் பிள்ளைகள் அதையும் முடிவையும் ஒன்றாக்கிவிட மாட்டார்களா?

*

மறுமொழி

வணக்கம் அம்மா. உரையாசிரியரின் அந்த வரிசையை வகுப்பில் காட்டத்தான் வேண்டும். கதை வளரும் ஒன்று என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே விளைவு என்பது கதிர் முற்றும் நிலை, ஏறக்குறைய நம் உச்சம். இங்கே அதை உச்சத்துக்கு அடுத்த பகுதிக்கு வைத்தால், பின்னாளில் உரையைப் படிக்கும் மாணவர் குழம்புவார். மேலும் 'காரணமும் விளைவும்' என்று கருத்தறிதல் பகுதியில் அதே சொல் வேறு பொருளில் வருகிறது.

இரண்டாவது ஐயம் சரியானது. ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பிரித்துக் காட்டுகிறேன். தம்பியைத் தொடக்கப்பள்ளியிலிருந்து கூட்டிவர ஒப்புக்கொண்ட அக்காள், நாடக ஒத்திகையை விட மனமில்லாமல் அந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒப்படைக்கிறாள். அவன் மறந்துவிடுகிறான். கைபேசியில் அம்மாவின் அழைப்புகள் குவிகின்றன. ஒத்திகையை நிறுத்தி, ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஓடுகிறாளே, அது உச்சம். அதற்குப் பிறகு அவள் நடந்ததை மறைக்க முடியாது. பள்ளி வாசலில் தம்பியைக் கண்டு, அங்கிருந்தே அம்மாவை அழைத்து நடந்ததைச் சொல்வது அவிழ்ப்பு. இரவு உணவு மேசையில் தம்பி அவள் பக்கத்து நாற்காலியை விட்டுத் தள்ளி உட்காருவது முடிவு. அவிழ்ப்பு, ஏற்கெனவே விழுந்த முடிச்சுகளுக்குப் பதில் சொல்கிறது. முடிவு, எல்லாம் அடங்கிய பின் இருக்கும் நிலையைக் காட்டுகிறது. இதிலிருந்து கண்டிப்பான ஒரு விதி கிடைக்கிறது: அவிழ்ப்பில் புதிய ஆளும் புதிய சிக்கலும் வரக் கூடாது.

உச்சம் என்றாலே பெரிய சத்தம் என்று நினைக்கும் பழக்கத்துக்கும் இந்த எடுத்துக்காட்டே மருந்து. மின்தூக்கி பழுதாவதோ மழை கொட்டுவதோ தன்னளவில் சிக்கல்கூட ஆகாது. யாரோ ஒருவர் ஒன்றை விரும்பி, அது தடைபட்டால்தான் சிக்கல்.

அளவும் சொல்லிவிடுவோம். 200 சொல் கதையென்றால் அறிமுகம் 35, சிக்கல் வளர்ச்சி 105, உச்சம் 25, அவிழ்ப்பு 25, முடிவு 10. பெரும்பாலும் கெடுவது முதல் எண். காலையில் எழுந்து பல் துலக்கியதிலிருந்து தொடங்கினால் 80 சொல் அங்கேயே போய்விடும். பிறகு அவிழ்ப்புக்கு இடமே மிஞ்சாது.

மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இப்படிப் பதியலாம்:

அவிழ்ப்பு: உச்சக்கட்டத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட பகுதி. கதையில் முன்பு விழுந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தீர்வது. வினை: அவிழ். வகுப்பில் கேட்க: 'எந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை?'