தங்க நனோத் துணிக்கைக் கரைசல் ஊதாவானது ஏன்?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். கொழும்பில் இரசாயனவியல் இறுதியாண்டு படிக்கிறேன். செயற்றிட்டத்துக்காக, கொதிக்கும் பொன் உப்புக் கரைசலில் சோடியம் சித்திரேற்றைச் சேர்த்துத் தங்க நனோத் துணிக்கைகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு தங்கத் துகள்களைத் தயாரித்தேன். முதல் முறை வைன் சிவப்பு நிறம் அழகாக வந்தது. நேற்றுச் செய்தபோதோ நீலங்கலந்த ஊதாவுடன் நின்றுவிட்டது. இன்று காலை குடுவையின் அடியில் கரும்படிவு. அளவுகள் எதையும் மாற்றவில்லை. எங்கே பிழைத்திருக்கும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி:
எந்த நிறத்தில் சூடாக்குவதை நிறுத்தினீர்கள், தங்கச்சி? வெளிர் மஞ்சள் மங்கி நிறமற்றதாகி, கருநீலமும் ஊதாவும் கடந்துதான் கரைசல் சிவக்கும். இடையில் பயந்து அடுப்பை அணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படிவு விழுந்திருப்பதால், துணிக்கைகள் திரண்டுவிட்டன என்றே நினைக்கிறேன். சுமார் 15 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு) விட்டமுள்ள துணிக்கைகள் தனித்தனியாக இருக்கும்வரை, அவற்றின் இலத்திரன்கள் ஒளியுடன் சேர்ந்து அதிர்ந்து 520 நனோமீற்றர் அளவிலான பச்சை ஒளியை உறிஞ்சுவதால் நம் கண்ணுக்குச் சிவப்பு எஞ்சுகிறது. அவை நெருங்கும்போது உறிஞ்சல் நீண்ட அலைநீளங்களுக்கு நகர, கரைசல் நீலமாகிறது. அவற்றை விலக்கி வைத்திருப்பது சித்திரேற்று தரும், ஒன்றையொன்று தள்ளும் மறை மின்னேற்றமே. குடுவையை எப்படிக் கழுவினீர்கள்?

வெள்ளவத்தை மாணவி:
முதல் முறை பயன்படுத்திய அதே குடுவைதான், சேர். சவர்க்காரமிட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒருதரம் அலசினேன். வடித்த நீர் தீர்ந்திருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி:
அங்கேதான் சந்தேகம். கண்ணாடிச் சுவரில் ஒட்டிய பழைய தங்கம் புதிய துணிக்கைகளுக்கு வித்தாகி, அளவு சீரற்றுப் போகும். சவர்க்கார எச்சமும் உப்புகளும் கேட்டைக் கூட்டும். செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம் 3 பங்கும் நைத்திரிக் அமிலம் 1 பங்கும் கலந்த இராச திராவகத்தால், புகையகற்றும் பெட்டிக்குள், மேற்பார்வையாளர் அருகிலிருக்கக் கழுவி, வடித்த நீரில் பல தடவை அலசுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம்.

தெமட்டகொடை வாசகர்:
முதற் கரைசலில் மீதி இருந்தால் இரண்டு சோதனைக்குழாய்களில் ஊற்றி, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பு இட்டுப் பாருங்கள். துணிக்கைகளின் மின்னேற்றம் மறைக்கப்பட்டு, அவை நெருங்கி, சில விநாடிகளில் நீலமாகிவிடும். உங்களுக்குப் பிழையாகிப்போன இந்த நிறமாற்றமே பிறருக்குக் கருவி: 1996இல் அமெரிக்க இரசாயனவியலாளர் சாட் மிர்க்கின் குழுவினர் டி.என்.ஏ. இழைகளால் துணிக்கைகளைக் கோத்து, இதே நிறமாற்றத்தைக் காட்டினர். மருந்தகத்தில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டிகள் பலவற்றின் சிவப்புக் கோடும் தங்கத் துணிக்கைதான். அங்கே அவை, குறித்த பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமான பிறபொருளெதிரியுடன் இணைந்து, ஒரு கோட்டில் சிக்கி நிற்கின்றன. 1857இல் ஆங்கில விஞ்ஞானி மைக்கல் பரடே தயாரித்த செங்கரைசல்கள் சில லண்டன் ராயல் நிறுவனத்தில் இன்றும் சிவப்பாகவே இருக்கின்றன.

வெள்ளவத்தை மாணவி:
நன்றி. திங்கட்கிழமை புதிய குடுவையில் செய்து, நிறத்தை இங்கேயே எழுதுகிறேன்.