திருவிழாச் சத்தத்திலிருந்து குழந்தையின் காதைக் காப்பது எப்படி?

தெற்குத்தெரு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் வசிக்கும் நாங்கள் ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் வைகாசிப் பொங்கலுக்காக மதுரைப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குச் செல்வது வழக்கம். கோயிலிலிருந்து நான்காவது வீடு எங்களுடையது. வாசலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில்தான் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுவார்கள். சென்ற ஆண்டு முளைப்பாரி ஊர்வலத்தன்று, ஆறு வயதான என் மகள் டிராக்டரில் ஏற்றியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை ஒட்டியே ஊர் முழுவதும் ஆடிக்கொண்டு வந்தாள். இரவு படுத்த பிறகு, "அம்மா, காதுக்குள்ள சில்வண்டு கத்துது" என்றாள். மறுநாள் மாலைதான் அது அடங்கியது. நான் பதறியதைப் பார்த்த மாமியார், "எத்தனை திருவிழா பார்த்தாச்சு, எங்களுக்கெல்லாம் காது கேக்காமலா போச்சு?" என்று சிரித்தார். (மாமனாரிடம் மட்டும் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.) இந்த ஆண்டும் போகத்தான் போகிறோம். காதில் பஞ்சு வைத்தால் போதுமா? பகலெல்லாம் தோட்டத்துக் கிணற்றில் நீந்துகிறாள். அப்போதும் பஞ்சு வைக்கலாமா?

செவிமடல் பதிலளிக்கிறார்:

அம்மா, நான் பல ஆண்டுகளாகச் செவித்திறன் பரிசோதனை செய்து வருபவன். உங்கள் மகள் சொன்ன அந்தச் சில்வண்டை அலட்சியப்படுத்த வேண்டாம். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட பகுதியில் ஒலியை உணரும் மயிரணுக்கள், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. பேரொலியில் அவை களைத்துப்போவதன் அடையாளமே அந்த இரைச்சல். களைத்தவை பெரும்பாலும் மீளும். இறந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் நின்றுவிட்டதால் சேதமே இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சத்தத்தின் அளவோடு அதைக் கேட்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைப்பார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். அப்படிப் பார்த்தால் 88-க்கு 4 மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், 85-ஐத் தொட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பஞ்சு போதாது. அது சில டெசிபல்களையே குறைக்கும். அதைவிட மோசம், காதை மூடிவிட்டோம் என்ற தைரியத்தில் குழந்தையை இன்னும் கிட்டே விட்டுவிடுவோம். ஹெட்போன் போலத் தலைக்கு மேல் மாட்டும், பாட்டு வராத காதுமூடிகள் குழந்தைகளின் அளவில் கிடைக்கின்றன; ஆறு வயதுக்கு அதுவே ஏற்றது. பெரியவர்கள் நுரையடைப்பான் வைக்கலாம். அதை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்தும் பயனில்லை.

வேட்டுக்கு இந்த நேரக் கணக்கு பொருந்தாது. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை வெடிக்கும் பட்டாசைச் சட்டமே அனுமதிக்கிறது. ஒரே வெடி அருகில் வெடித்தாலும் காது கெடலாம். திடீரென்று ஒரு காது மந்தமானால், தானாகச் சரியாகும் என்று காத்திராமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். நாள் தள்ளிப்போனால் சிகிச்சையின் பலன் குறையும்.

உங்கள் மாமனாரையும் ஒரு முறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். சத்தத்தால் கெடும் காது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலிகளைத்தான் இழக்கும். அப்படிப்பட்டவர்கள் "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை" என்பார்கள்.

மைக்செட்காரன் பதிலளிக்கிறார்:

முப்பது வருடங்களாகத் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டுகிறேன். என் இடது காது அதற்குச் சாட்சி. குழாய் ஒலிபெருக்கி எந்தத் திசையை நோக்கி இருக்கிறதோ அந்தத் திசையில்தான் சத்தத்தைக் கொட்டும். அதன் பின்புறமும் பக்கவாட்டிலும் கணிசமாகக் குறையும். எனவே கம்பத்தை மாற்றச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், குழாயின் வாயைத் திருப்பி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். திருவிழாவன்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தலைக்கட்டு வரி வசூலிக்க வரும்போதே கமிட்டிக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. திருவிழா நாட்களில் மட்டும் அரசு 12 மணி வரை அனுமதிக்கலாம். இதைக் கமிட்டிக்காரர்களும் அறிவார்கள், நாங்களும் அறிவோம்.

வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். இருபுறமும் சுவர் உள்ள சந்தில் அந்த அளவுக்குக் குறையாது. ஊர்வலம் குறுகிய தெருவுக்குள் நுழையும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கிவிடுங்கள்.

கிணற்றடி பதிலளிக்கிறார்:

ஓய்வு பெற்ற செவிலியர் நான். கிணற்றில் இறங்கும்போது பஞ்சு வேண்டவே வேண்டாம். அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு காதுக்குழாயை ஊற வைக்கும், ஊறிய தோலில் கிருமி எளிதில் பற்றும். நுரையடைப்பானும் தண்ணீருக்கானது அன்று. கரையேறியதும் தலையை ஒருபுறம் சாய்த்து, மடலை மெல்ல இழுத்துவிட்டால் நீர் வடிந்துவிடும். பிறகு துண்டின் நுனியால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். குச்சி, கொண்டை ஊசி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. மடலைத் தொட்டு இழுத்தாலே வலித்தால் கிணற்றை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே காதில் சீழ் வடிந்திருந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, நீந்துவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

தெற்குத்தெரு எழுதுகிறார்:

அனைவருக்கும் மிக்க நன்றி. காதுமூடி வாங்கியாயிற்று, வீட்டில் மிக்ஸி ஓடும்போது மாட்டிப் பழகுகிறாள், கழற்றத்தான் மறுக்கிறாள். வரி கொடுத்தபோது என் கணவர் கமிட்டியில் பேசினார். குழாயைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பரிசோதனைக்கு வரச் சொல்லி மாமனாரிடமும் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னேன். "பொங்கல் முடியட்டும்" என்றிருக்கிறார்.